லூப்பஸ்

லூப்பஸ் என்பது, நுண்ணுயிரிகளிடமிருந்து உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அமைப்பு, உடலுக்குச் சொந்தமான உயிரணுக்களையும் திசுக்களையும் அயற்பொருளாகக் கொண்டு தாக்குவதனால் உண்டாகும் ஒரு நாட்பட்ட தன்னெதிர்ப்பு நோய் ஆகும். இதன் முழுப் பெயர் சிஸ்டமிக் லூப்பஸ் எரித்திமாட்டோசஸ் என்பதாகும். மருத்துவர்கள் சுருக்கமாக எஸ்.எல்.ஈ. என்பர். தோல், மூட்டு, சிறுநீரகம், இதயம், நுரையீரல், மூளை, குருதி என உடலின் ஏறத்தாழ எல்லாப் பகுதிகளையும் இந்நோய் பாதிக்கக்கூடும். நோயாளிகளுள் 10 பேரில் 9 பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள், அதாவது குழந்தை பெறும் பருவத்தில், இந்நோய் தோன்றுகிறது.

லூப்பஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. இது புற்றுநோயும் அன்று. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை; எனினும் உரிய காலத்தில் கண்டறிந்து தொடர்ந்து மருத்துவம் பெறுவோரில் பெரும்பாலோர் படிக்கவும், வேலை செய்யவும், குழந்தை பெறவும் இயலும். நோய் தீவிரமடைவதும் பின்னர் அடங்குவதும் மாறிமாறி நிகழ்வது இதன் இயல்பு.

பெயர்க்காரணம்

லூப்பஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஓநாய் என்பது பொருள். முகத்தை அரித்துத் தின்னும் புண்களை ஓநாய்க் கடிக்கு ஒப்பிட்டு, இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் இப்பெயரை வழங்கினர். எரித்திமா என்னும் கிரேக்கச் சொல் சிவத்தலைக் குறிக்கும். சிஸ்டமிக் என்பது உடல் முழுவதையும் சார்ந்தது எனப் பொருள்படும். லூப்பஸ் வல்காரிஸ் என்னும் பெயரில் மற்றொரு தோல் நோயும் உண்டு; அது காசநோய்க் கிருமியால் வருவது. பெயர் ஒத்திருப்பினும் இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

வரலாறு

முகத்தில் தோன்றும் தடிப்பினை வண்ணத்துப்பூச்சியின் வடிவத்துக்கு ஒப்பிட்டு, வியன்னாவைச் சேர்ந்த பெர்டினாண்ட் வான் ஹெப்ரா 1846 இல் விவரித்தார். லூப்பஸ் எரித்திமாட்டோசஸ் என்னும் பெயரைப் பிரான்சு நாட்டு மருத்துவர் கசனேவ் 1851 இல் பயன்படுத்தினார். இது தோலோடு நிற்கும் நோயன்று, உள்ளுறுப்புகளையும் தாக்கும் என்பதை 1872 இல் மோரிட்ஸ் கப்போசி எடுத்துக்காட்டினார். 1895 ஆம் ஆண்டு முதல் வில்லியம் ஆஸ்லர் வெளியிட்ட கட்டுரைகள் இக்கருத்தை மேலும் வலுப்படுத்தின.

1948 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மால்கம் ஹார்கிரேவ்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் எல்.ஈ. உயிரணுவைக் கண்டறிந்தனர். ஒரு வெண்குருதி அணு மற்றோர் உயிரணுவின் உட்கருவை விழுங்கிய நிலையில் காணப்பட்டதே இது. உடல் தன் உயிரணுக்களின் உட்கருவையே எதிரியாகக் கொள்கிறது என்னும் இன்றைய புரிதலுக்கு இக்கண்டுபிடிப்பே அடிப்படை. அடுத்த ஆண்டே கார்ட்டிசோன் மருந்து வாதநோய்க்குப் பயன்படுவது தெரியவந்தது. 1950களில் உட்கருவுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை அளக்கும் சோதனைகள் உருவாயின. மலேரியாவுக்கான மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் 1955 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, பின்னர் லூப்பஸ் மருத்துவத்தின் அடித்தளமாயிற்று.

1950களில் நோய் கண்டறியப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரே 5 ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்தனர். இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள இடங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அவ்வாறு வாழ்கின்றனர்.

வகைகள்

* எஸ்.எல்.ஈ.: உள்ளுறுப்புகளையும் பாதிக்கும் முதன்மை வகை. இக்கட்டுரை பெரிதும் இதனைப் பற்றியது.
* தோல் லூப்பஸ்: தோலில் மட்டும் காணப்படுவது. வட்ட வட்டமாகத் தடித்துத் தழும்பாக மாறும் டிஸ்காய்டு லூப்பஸ் இதில் அடங்கும். இவர்களுள் சிலருக்குப் பிற்காலத்தில் எஸ்.எல்.ஈ. தோன்றலாம்.
* மருந்தினால் வரும் லூப்பஸ்: ஹைட்ரலசின், புரோகைனமைடு, மினோசைக்ளின் போன்ற மருந்துகளாலும், காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியாசிடு மருந்தாலும் சிலருக்கு உண்டாவது. மருந்தை மருத்துவர் நிறுத்தியபின் பொதுவாக இது மறைந்துவிடும்.
* பிறந்த குழந்தை லூப்பஸ்: தாயின் குருதியிலுள்ள சில பிறபொருளெதிரிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைவதால் ஏற்படுவது.

நோய் உண்டாகும் விதம்

உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான உயிரணுக்கள் இயல்பாக இறக்கின்றன. இறந்த உயிரணுக்களின் எச்சங்களைத் துப்புரவு செய்வதற்கென்றே சில வெண்குருதி அணுக்களும், காம்பிளிமெண்ட் எனப்படும் குருதிப் புரதங்களும் உள்ளன. லூப்பஸ் நோயாளிகளிடம் இத்துப்புரவு சரிவர நடைபெறுவதில்லை. இதனால் உட்கருவுக்குள் மறைந்திருக்க வேண்டிய டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதங்கள் ஆகியன வெளிப்பட்டு, நோயெதிர்ப்பு அமைப்பின் பார்வையில் படுகின்றன.

டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் தீநுண்மிகளிலும் உள்ளவை. ஆகவே, தீநுண்மி நுழைந்தது போலவே உடல் எதிர்வினை புரிகிறது. தீநுண்மிகளுக்கு எதிராகச் சுரக்கும் இண்டர்பெரான் என்னும் புரதம் மிகுதியாகச் சுரக்கிறது. பி உயிரணுக்கள் உட்கருப் பொருள்களுக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்குகின்றன. இவை உட்கருப் பொருள்களோடு பிணைந்து கூட்டுப்பொருள்களாகி, சிறுநீரக வடிகட்டிகளிலும், தோலிலும், குருதிக்குழாய்ச் சுவர்களிலும் படிகின்றன. படிந்த இடத்தில் காம்பிளிமெண்ட் புரதங்கள் தூண்டப்பட்டு அழற்சி உண்டாகிறது. அழற்சியால் மேலும் உயிரணுக்கள் இறக்கின்றன; மேலும் உட்கருப் பொருள்கள் வெளிப்படுகின்றன. இந்தச் சுழற்சியை இடைமறிப்பதே மருந்துகளின் வேலை.

காரணங்கள்

லூப்பஸுக்குத் தனியொரு காரணம் இல்லை. மரபியல் சார்பும் புறக்காரணிகளும் சேரும்போது நோய் தோன்றுகிறது.

மரபு: நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகள் இந்நோயோடு தொடர்புடையவை. பெரும்பாலானவை ஒவ்வொன்றும் சிறிதளவே பங்களிப்பவை. அரிதாக ஒரே மரபணுவின் பிறழ்வும் நோயை உண்டாக்கும். டி.எல்.ஆர்.7 என்னும் மரபணுவில் ஏற்பட்ட ஒரு பிறழ்வு ஒரு சிறுமிக்கு லூப்பஸை உண்டாக்கியது 2022 இல் வெளியான ஆய்வில் நிறுவப்பட்டது. ஆயினும் நோயாளிகளின் குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை.

பால்: டி.எல்.ஆர்.7 உள்ளிட்ட சில நோயெதிர்ப்பு மரபணுக்கள் எக்ஸ் நிறப்புரியில் உள்ளன. பெண்களிடம் இரண்டு எக்ஸ் நிறப்புரிகள் இருப்பதும், ஈஸ்ட்ரோசன் இயக்குநீரின் விளைவும் பெண்களிடம் நோய் மிகுந்திருப்பதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

சூரிய ஒளி: புறஊதாக் கதிர்கள் தோல் உயிரணுக்களை அழித்து உட்கருப் பொருள்களை வெளிக்கொணர்கின்றன. இதனால் வெயிலில் நின்ற சில நாட்களில் தோல் தடிப்பு மட்டுமன்றி, மூட்டுவலியும் காய்ச்சலும்கூட மீண்டும் தோன்றலாம்.

சிலிக்கா தூசி: கல் உடைத்தல், மணல் வீச்சு முறையில் உலோகத்தைத் தூய்மை செய்தல், வார்ப்பட ஆலைகளில் மணல் அச்சு உருவாக்குதல் ஆகியவற்றில் எழும் படிக சிலிக்கா தூசியை நீண்டகாலம் சுவாசிப்போருக்கு லூப்பஸ் உள்ளிட்ட தன்னெதிர்ப்பு நோய்கள் வரும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

பிற: எப்ஸ்டீன்-பார் தீநுண்மித் தொற்று, புகைபிடித்தல் ஆகியனவும் தொடர்புடையவை. புகைபிடித்தல் தோல் தடிப்பையும் மிகைப்படுத்தும்.

உடலுறுப்புகளில் ஏற்படும் பாதிப்புகள்

ஒரு நோயாளிக்குக் காணும் அறிகுறிகள் மற்றொருவருக்குக் காணாமலிருக்கலாம். களைப்பு, காய்ச்சல், எடைகுறைதல், முடி உதிர்தல் ஆகியன பலருக்கும் பொதுவானவை. லூப்பஸ் களைப்பு, ஓய்வெடுத்தாலும் நீங்காத வகையைச் சார்ந்தது. வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாததால், வீட்டிலும் வேலையிடத்திலும் இது சோம்பலாகக் கருதப்படுவதுண்டு.

தோல்

மூக்குத்தண்டின் மேலும் இரு கன்னங்களிலும் பரவும் வண்ணத்துப்பூச்சித் தடிப்பு நன்கறியப்பட்டது. எனினும் இது எல்லா நோயாளிகளுக்கும் வருவதில்லை. மாநிறமும் கருநிறமும் உள்ளவர்களிடம் சிவப்பாகத் தெரியாமல் கருமையாகவோ ஊதா சாயலிலோ தெரியும். இதனால் தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் மங்கு என இது தவறாக எண்ணப்படலாம். மங்கு, தோலின் நிறமாற்றம் மட்டுமே. தடிப்போ எரிச்சலோ இராது. வாயின் மேலண்ணத்தில் வலியில்லாத புண்கள், குளிரில் விரல்நுனி வெளுத்து நீலமாதல் ஆகியனவும் லூப்பஸின் அறிகுறிகள்.

மூட்டுகள்

நோயாளிகளுள் பெரும்பான்மையோருக்கு மூட்டுவலி உண்டு. கைவிரல், மணிக்கட்டு, முழங்கால் மூட்டுகள் காலையில் விறைத்து வீங்கும். முடக்குவாதத்தைப் போலன்றி, லூப்பஸில் எலும்பு அரிக்கப்படுவது அரிது. மருந்தாக எடுக்கப்படும் ஸ்டீராய்டினால் இடுப்பெலும்பு மூட்டின் குருதியோட்டம் தடைப்பட்டு எலும்பு நலிவடைவதும் உண்டு.

சிறுநீரகங்கள்

லூப்பஸின் மிக முக்கியமான பாதிப்பு இதுவே. நோயாளிகளுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குச் சிறுநீரக அழற்சி ஏற்படுகிறது. தொடக்கத்தில் வலி எதுவும் இராது. சிறுநீர் நுரைத்துப் போதல், கால் வீக்கம், காலையில் முகம் அதைத்திருத்தல், குருதியழுத்தம் உயர்தல் ஆகியன தோன்றும்போது பாதிப்பு முன்னேறியிருக்கலாம். ஆகவே அறிகுறி இல்லாதபோதும் சிறுநீரில் புரதம் உள்ளதா எனக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பார்க்க வேண்டும். ஒரு நாளில் வெளியேறும் புரதம் அரை கிராமுக்கு மேற்பட்டால், சிறுநீரகத்திலிருந்து ஊசிமூலம் சிறு திசுத்துணுக்கு எடுத்து ஆராய்வது வழக்கம். அழற்சி 6 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு உடனடியான தீவிர மருத்துவம் தேவை. கவனிக்கப்படாவிடின் சிறுநீரகங்கள் செயலிழந்து, குருதித் தூய்மிப்போ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும்.

இதயமும் குருதிக்குழாய்களும்

இதய உறையில் அழற்சி ஏற்பட்டால் நெஞ்சுவலி தோன்றும். முன்பக்கம் சாய்ந்து அமர்ந்தால் அவ்வலி சற்றுக் குறையும். இதய வால்வுகளில் கிருமியில்லாத படிவுகள் உண்டாவதை லிப்மன், சாக்ஸ் ஆகியோர் 1924 இல் விவரித்தனர். நீண்டகாலத்தில் குருதிக்குழாய் அடைப்பு முக்கியமானது. 35 முதல் 44 வயதுக்குட்பட்ட லூப்பஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே வயதுடைய ஏனைய பெண்களைக் காட்டிலும் 50 மடங்குக்கு மேல் இருந்ததை 1997 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எனவே இளம்பெண்ணுக்கு மாரடைப்பு வராது என்னும் எண்ணம் இவர்களுக்குப் பொருந்தாது.

நுரையீரல்

நுரையீரல் உறை அழற்சியால் மூச்சை உள்ளிழுக்கும்போது குத்துவலி உண்டாகும். உறைக்குள் நீர் கோப்பதும் உண்டு. நம் நாட்டில் நீர்கோப்புக்குக் காசநோயே முதலில் ஐயப்படப்படுவதால், இரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது.

நரம்பு மண்டலம்

வலிப்பு, பக்கவாதம், குழப்பநிலை, மனச்சோர்வு, நினைவுக்குறைவு ஆகியன ஏற்படலாம். திடீரென ஒருவரது நடத்தை மாறுவது சில நேரங்களில் லூப்பஸின் முதல் அறிகுறியாகவும் அமையும்.

குருதி

செங்குருதி அணுக்கள், வெண்குருதி அணுக்கள், குருதிச் சிறுதட்டுகள் ஆகிய மூன்றும் குறையலாம். சிலருக்குப் பாஸ்போலிப்பிடு எதிர்ப்புப் பொருள்கள் இருப்பதால் குருதி எளிதில் உறைந்து, கால் சிரைகளில் கட்டி, பக்கவாதம், மீண்டும் மீண்டும் கருச்சிதைவு ஆகியன நேர்கின்றன. இந்நோய்த்தொகுப்பினை இலண்டனைச் சேர்ந்த கிரகாம் ஹியூஸ் 1983 இல் விவரித்தார்.

நோயறிதல்

தனியொரு சோதனையால் லூப்பஸை உறுதிசெய்ய இயலாது. ஏ.என்.ஏ. எனப்படும் உட்கரு எதிர்ப்புப் பொருள் சோதனை முதற்படியாகும். ஏறத்தாழ எல்லா லூப்பஸ் நோயாளிகளிடமும் இது காணப்படும். எனவே இது இல்லையெனில் லூப்பஸ் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நலமாயிருப்போர் பலரிடமும் குறைந்த அளவில் இது காணப்படுவதால், ஏ.என்.ஏ. இருப்பதை மட்டும் கொண்டு லூப்பஸ் என முடிவுசெய்யக் கூடாது. இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான பிறபொருளெதிரியும், ஸ்மித் பிறபொருளெதிரியும் லூப்பஸுக்கே பெரிதும் உரியவை. சி3, சி4 என்னும் காம்பிளிமெண்ட் புரதங்களின் அளவு குறைந்திருப்பது நோய் தீவிரமாக உள்ளதைக் காட்டும்.

குருதிப் படிவு வீதம் உயர்ந்திருந்தும் சி.ஆர்.பி. அளவு பெரிதும் உயராமலிருப்பது லூப்பஸில் பொதுவாகக் காணப்படும் ஒன்று. சி.ஆர்.பி. மிக உயர்ந்திருந்தால், தொற்று ஏதேனும் உள்ளதா எனத் தேடவேண்டும்.

ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் 2019 இல் வெளியிட்ட வகைப்பாட்டு முறையில், ஏ.என்.ஏ. 1:80 அல்லது அதற்கு மேல் இருப்பது நுழைவுத் தகுதியாகும். அதன்பின் ஒவ்வோர் அறிகுறிக்கும் மதிப்பெண் தரப்பட்டு, மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் பெற்றால் லூப்பஸ் என வகைப்படுத்தப்படுகிறது. இம்முறை ஆய்வுகளுக்காக வகுக்கப்பட்டது. தனிமனிதரின் நோயை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

தமிழகச் சூழலில் காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்து வந்தால் டெங்கு, சிக்குன்குனியா ஆகியன முதலில் எண்ணப்படுவது இயல்பே. மூட்டுவலி 6 வாரங்களுக்கு மேல் நீடித்து, அதனுடன் வாய்ப்புண், முடி உதிர்தல், வெயில் ஒவ்வாமை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் லூப்பஸை நினைவில் கொள்வது நலம். நடிகை சமந்தா 2022 இல் தமக்கு மயோசைட்டிஸ் இருப்பதை வெளியிட்டபின் தன்னெதிர்ப்பு நோய்கள் பற்றிய பேச்சு தமிழ் ஊடகங்களில் பரவியது. மயோசைட்டிஸ் தசைகளைத் தாக்கும் வேறொரு நோய். எனினும் லூப்பஸின் குடும்பத்தைச் சார்ந்ததே.

மருத்துவம்

ஹைட்ராக்சிகுளோரோகுயின்: தடை ஏதும் இல்லாத எல்லா லூப்பஸ் நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுவது. நோய் மீண்டும் தீவிரமடைவதைக் குறைக்கிறது, சிறுநீரகத்தைக் காக்கிறது, ஆயுளை நீட்டிக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்பதே பொதுவான உச்ச அளவு. பல ஆண்டுகள் உட்கொண்டால் சிலருக்கு விழித்திரை பாதிக்கப்படலாம். ஆகவே தொடக்கத்தில் ஒருமுறையும், 5 ஆண்டுகளுக்குப்பின் ஆண்டுதோறும் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஸ்டீராய்டுகள்: பிரெட்னிசோலோன் விரைவாக அழற்சியை அடக்கும், உயிர்காக்கும் மருந்தும் ஆகும். ஆனால் நீண்டகாலம் மிகுந்த அளவில் எடுத்தால் நீரிழிவு, எலும்பு மென்மையாதல், கண்புரை, தொற்று ஆகியன வரும். நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழாகக் குறைத்து, முடிந்தால் நிறுத்துவதே இன்றைய குறிக்கோள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்தானது. வெளியிலிருந்து பல வாரங்கள் கிடைத்துவந்ததால் அட்ரினல் சுரப்பி தன் சுரப்பை நிறுத்தியிருக்கும். திடீரென மருந்து நின்றால் குருதியழுத்தம் வீழ்ந்து மயக்கம் உண்டாகும். மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார்.

நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள்: அசதயோபிரின், மைக்கோபினோலேட், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ரோலிமஸ், மெத்தோட்ரெக்சேட் ஆகியன பாதிக்கப்பட்ட உறுப்பைப் பொறுத்துத் தரப்படுகின்றன. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ளத்தக்கது. தவறுதலாக நாள்தோறும் உட்கொள்வது உயிரைப் பறிக்கக்கூடும்.

உயிரியல் மருந்துகள்: 2011 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெலிமுமாப், 50 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப்பின் லூப்பஸுக்கென வந்த முதல் புதுமருந்து. இண்டர்பெரானின் செயலைத் தடுக்கும் அனிஃப்ரோலுமாப், சிறுநீரக அழற்சிக்கான வோக்ளோஸ்போரின் ஆகியன 2021 இல் ஒப்புதல் பெற்றன. செருமனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள், நோயாளியின் சொந்த டி உயிரணுக்களை மரபணு மாற்றம் செய்து பி உயிரணுக்களை அழிக்கும் கார்-டி முறையில் 5 பேருக்குச் செய்த மருத்துவத்தின் முடிவுகளை 2022 இல் வெளியிட்டனர். ஐவருக்கும் நோய் அடங்கி, மருந்துகளை நிறுத்த முடிந்தது. இம்முறை லூப்பஸுக்கு ஆய்வு நிலையிலேயே உள்ளது.

2020 இல் நேர்ந்த மருந்துத் தட்டுப்பாடு

கொரோனா பெருந்தொற்றின் தொடக்கத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் அத்தொற்றைத் தடுக்கும் என்னும் நம்பிக்கை பரவியது. 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் மருத்துவப் பணியாளர் உள்ளிட்ட சிலருக்கு இதனைப் பரிந்துரைத்தது. மக்கள் கடைகளில் வாங்கிச் சேமிக்கத் தொடங்கியதால், நாள்தோறும் இதனை நம்பியிருந்த லூப்பஸ், முடக்குவாத நோயாளிகளுக்கு மருந்து கிடைப்பது அரிதாயிற்று. இந்திய அரசு அம்மாதமே ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதுடன், மருத்துவர் சீட்டின்றி விற்க இயலாதவாறு எச்1 பட்டியலிலும் இம்மருந்தைச் சேர்த்தது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் கொரோனா தொற்றுக்கு இம்மருந்தால் பயனில்லை என்பதை நிறுவின.

கருத்தரிப்பு

லூப்பஸ் உள்ள பெண் குழந்தை பெறக்கூடாது என்பது பழைய கருத்து. நோய் குறைந்தது 6 மாதங்கள் அடங்கியிருந்து, திட்டமிட்டுக் கருத்தரித்தால் பெரும்பாலோர் நலமாகக் குழந்தை பெறுகின்றனர். மைக்கோபினோலேட், சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்சேட் ஆகியன கருவுக்குத் தீங்கானவை. கருத்தரிப்பதற்கு முன்பே இவற்றை மருத்துவர் மாற்றித்தர வேண்டும். மைக்கோபினோலேட்டை நிறுத்திக் குறைந்தது 6 வாரங்கள் காத்திருத்தல் வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினும் அசதயோபிரினும் தொடரலாம். கருவுற்றதை அறிந்தவுடன் பயந்து எல்லா மருந்துகளையும் நிறுத்துவதே பல நேரங்களில் நோய் தீவிரமடையக் காரணமாகிறது.

தாயிடம் ரோ பிறபொருளெதிரி இருப்பின், குழந்தைகளுள் 100 இல் ஒன்று அல்லது இரண்டுக்கு இதயத் துடிப்புத் தடை ஏற்படலாம். எனவே கருவின் இதயத்தை எக்கோ கருவியால் கண்காணிப்பர். பாஸ்போலிப்பிடு எதிர்ப்புப் பொருள் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் தரப்படுகின்றன. இவர்கள் ஈஸ்ட்ரோசன் கலந்த கருத்தடை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும்.

அன்றாட வாழ்வில் கவனிக்க வேண்டியவை

* முற்பகல் 10 முதல் பிற்பகல் 4 மணி வரை நேரடி வெயிலைத் தவிர்த்தல். குடை, முழுக்கைச் சட்டை, வெயில்தடுப்புக் களிம்பு ஆகியவற்றைப் பயன்படுத்துதல்.
* ஐப்யூபுரோபென், டைக்ளோபினாக் போன்ற வலிமாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உண்ணாதிருத்தல். இவை சிறுநீரகத்தை மேலும் பாதிக்கும்.
* சித்த, ஆயுர்வேத மருந்துகள் ஏதேனும் எடுத்தால் அதனை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுதல். உலோகம், கனிமம் சேர்ந்தவை சிறுநீரக நோயாளிகளுக்கு ஏற்றவையல்ல.
* நிமோனியா, இன்புளுவென்சா தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுதல். நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து எடுப்போர் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைத் தவிர்த்தல்.
* புகைபிடிக்காதிருத்தல், குருதியழுத்தத்தை அளந்துவருதல்.

காய்ச்சல் 38 பாகை செல்சியசுக்கு மேல் செல்லுதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, சிறுநீர் அளவு குறைதல், ஒரு கால் மட்டும் திடீரென வீங்குதல் ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல் நோயின் தீவிரத்தாலும் வரலாம், தொற்றினாலும் வரலாம். இரண்டுக்குமான மருத்துவம் நேர்மாறானது என்பதால் தாமாக மாத்திரை எடுப்பது கேடு விளைவிக்கும். இந்தியாவில் லூப்பஸ் நோயாளிகளின் இறப்புக்குத் தொற்றுகள் ஒரு முதன்மைக் காரணமாக உள்ளன.

இந்தியாவில் பரவல்

தில்லியை அடுத்த ஊர்ப்புற மக்களிடையே அ. நா. மாளவியா குழுவினர் நடத்தி 1993 இல் வெளியிட்ட ஆய்வில், இலட்சம் பேருக்கு 3.2 பேர் எனப் பரவல் கணிக்கப்பட்டது. இது மேலை நாட்டுக் கணக்கீடுகளைவிடக் குறைவு. ஆனால் அவ்வாய்வில் கண்டறியப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை மிகச் சிறியது என்பதால், இதனை நாடு முழுமைக்குமான அளவாகக் கொள்வதற்கில்லை. ஐரோப்பிய இனத்தவரைவிட ஆசிய, ஆப்பிரிக்க இனத்தவரிடம் சிறுநீரக பாதிப்பு கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் குறிப்பிடுகின்றன.

தமிழகத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியின் வாதநோயியல் துறை இத்துறையில் நெடுங்காலமாக இயங்கிவருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் நோயெதிர்ப்பியல் சார்ந்த தனித்துறைகள் உள்ளன.

மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதி

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்திலுள்ள மீஞ்சூரைச் சுற்றி அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களும், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும் அமைந்துள்ளன. துறைமுகச் சரக்கு முற்றம், கட்டுமானம், வயல் எனத் திறந்தவெளியில் நாள் முழுதும் வேலை செய்வோர் இங்குப் பலர். கும்மிடிப்பூண்டியில் இரும்பு, எஃகு ஆலைகள் மிகுதி. இப்பகுதியில் லூப்பஸ் மிகுதியாக உள்ளது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆயினும் வெயிலும் தூசியும் நோயைத் தூண்டுவன என்பதால், லூப்பஸ் உள்ள தொழிலாளருக்கு வேலையின் தன்மை முக்கியமாகிறது. நிழலிலுள்ள பணிக்கு மாற்றம் கேட்பதற்கு மருத்துவரின் எழுத்துச் சான்று உதவும். மணல், கல் தூசி எழும் இடங்களில் தூசியை நீரால் அடக்குதலும் உரிய முகவுறை அணிதலும் எல்லாத் தொழிலாளருக்குமே தேவையானவை.

வாதநோய் வல்லுநர்கள் பெரும்பாலும் சென்னை நகரில் இருப்பதால், நோயறிதலில் தாமதம் நேர வாய்ப்புண்டு. பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் குருதி, சிறுநீர் சோதனைகளைச் செய்துகொள்ளலாம். சாதாரண சிறுநீர்ச் சோதனையே சிறுநீரக பாதிப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். மேற்சிகிச்சைக்கு 2022 இல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், வடசென்னையிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையும், சென்னை மத்திய தொடருந்து நிலையத்துக்கு எதிரிலுள்ள இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் உள்ளன. கும்மிடிப்பூண்டி வழித்தடப் புறநகர்த் தொடருந்தில் மீஞ்சூரிலிருந்து மத்திய நிலையத்தை நேரடியாக அடையலாம்.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ளவர்கள், தகுதிக்கேற்ப மருத்துவமும், மருத்துவச் சான்றின் பேரில் ஓராண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்காலப் பணமும் பெறலாம். ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கள் பெயர் இத்திட்டத்தில் பதியப்பட்டுள்ளதா என்பதை நோய் வருவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுதல் நலம். நாட்பட்ட நோய்க்கு மருந்து இடைவிடாது கிடைப்பதே முதன்மையானது. ஊதியம் தடைப்பட்டதால் மருந்து நின்று, மருந்து நின்றதால் நோய் மீள்வது தவிர்க்கப்பட வேண்டியது.

லூப்பஸ் நாள்

2004 ஆம் ஆண்டு முதல் மே 10 ஆம் நாள் உலக லூப்பஸ் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்நோயைப் பற்றிய விழிப்புணர்வைக் குறிக்க ஊதா நிறம் பயன்படுத்தப்படுகிறது. அமெரிக்க எழுத்தாளர் பிளானரி ஓ'கானர் (1925–1964) இந்நோயால் இறந்தார். அமெரிக்கப் பாடகி செலினா கோமசு லூப்பஸால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, 2017 இல் மாற்றுச் சிறுநீரகம் பெற்றதை வெளிப்படையாகத் தெரிவித்தார்.

இவற்றையும் பார்க்க

* தன்னெதிர்ப்பு நோய்
* முடக்குவாதம்
* பிறபொருளெதிரி
* சிறுநீரகச் செயலிழப்பு
* மீஞ்சூர்